நாட்டு நாய் ரத்தம்

அந்தக் கூடையைச் சித்த அக்கட்டால நகத்தி வெச்சுக்கறீங்களா, அம்மிணி? பூனைன்னா எனக்கு ஆகாதுங்க. பயமெல்லாம் இல்லை. அது பாக்கற பார்வை புடிக்காது. பொண்ணு பாக்க வந்த எடத்துல பலகாரத்தைக் குத்தம் சொல்றவ மாதிரியே பாக்கும்.

பூனைக்கு என்ன, ஒண்ணுக்குப் போகலையா? ட்யூப் போட்டு எடுத்துட்டாங்களா? அப்பறம் என்ன, ரத்த ரிப்போர்ட்டு வர்றதுக்கு மதியம் ஆயிரும். உக்காருங்க. இது கால்நடைக் காலேஜ் ஆஸ்பத்திரிங்க. வைத்தியம் பாக்கற எடமில்லை, வைத்தியம் பழகற எடம். நாங்க ஆவணி மாசம் வந்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெளியே போர்டுல பெருசா அவசர சிகிச்சைன்னு எழுதிப் போட்டிருக்காங்க. உள்ள போனா ஒரு பொண்ணு வந்து, என்ன பண்ணுது, எப்ப இருந்து, என்ன சாப்புட்டுச்சுன்னு சாவகாசமாக் கேக்குது. சின்னப் பொண்ணு. காதுல ஒரு கம்மல்கூட இல்லை. அதுதான் டாக்டராம். சுத்தியும் படிக்கற புள்ளைங்க ஏழெட்டு, நோட்டைப் புடிச்சுட்டு. எங்க நாயைத் தூக்கி மேசையில போட்டதும் அத்தனையும் ஆளுக்கொரு தடவை அதோட உதட்டைத் தூக்கி ஈறைப் பாத்துச்சுங்க. ஏனுங்க, ஒருத்தர் பாத்தாப் பத்தாதா? ஈறு என்ன தேரா, ஊரே கூடிப் பாக்க?

எங்களுக்குத் திருச்செங்கோடு. போர்வெல் வண்டி ரெண்டு ஓடுதுங்க, ஆந்திரா, மத்தியப் பிரதேசம்னு. எங்க வீட்டுக்காரர் அதிகமாப் பேச மாட்டார். கல்யாணம் ஆனதுல இருந்து எங்க வீட்டுல நான் சொல்றதுதான். அவருக்கும் அதுதான் சௌகரியம்.

நாயி பேரு மேஜர். லேப்ரடார். சும்மா லேப்ரடார் இல்லைங்க, சர்டிபிகேட் நாய். அப்பன் பேரு, தாத்தன் பேரு, அதுக்கும் மேல இருக்கறவன் பேரு வரைக்கும் அச்சடிச்சுக் குடுத்திருக்காங்க. ஒரு பொட்டுக் கலப்புக் கெடையாது. பெங்களூர்ல சொல்லி வெச்சு வாங்கினது. என் பொண்ணு தாரணி காலேஜ் படிக்கறப்ப அடம் புடிச்சு வாங்க வெச்சா. அவதான் குளிப்பாட்டுவா, அவதான் சோறு வைப்பா. கட்டில்ல கூடப் படுக்க வெச்சுக்குவா. நான் திட்டாத நாளில்லை.

அப்பறம் அவ போயிட்டா. அதைச் சொல்லாம இந்தக் கதையைச் சொல்ல முடியாது, அதனால சொல்றேன். கூடப் படிச்சவன். இப்ப இந்த ஊர்லயே பாலிடெக்னிக்குல வாத்தியாரு. இளம்பரிதின்னு பேரு. எந்தப் பக்கம்னு நான் வாயால சொல்ல மாட்டேன். சொல்லாம விட்டதுல இருந்தே நீங்க புரிஞ்சுக்கங்க. ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு, போன் பண்ணி "அம்மா"ன்னா. ராங் நம்பர்னு சொல்லி வெச்சுட்டேன். அத்தோட சரி. நாலு வருசமாச்சு.

நாயை என்ன பண்றதுங்க? வீட்டுக்குள்ள அது அவ ரூம் கதவையே மோந்து மோந்து நிக்குது. பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பின்னாடி வண்டி ஷெட்டுல கட்டிட்டோம். நேரத்துக்குச் சோறு வெச்சேன். ஒரு வேளை தவற விட்டதில்லை. நாயிக்கு அதுக்கு மேல என்ன பண்ணுவாங்க? ஷெட்டுன்னா டயரு, சாக்கு, மண்ணு, எல்லாந்தான் இருக்கும். உண்ணி புடிக்கத்தான் செய்யும். வேப்பெண்ணெய் தடவச் சொல்லி டிரைவர்கிட்டச் சொன்னேன். தடவினானா இல்லையா, அது அவனுக்குத்தான் வெளிச்சம்.

ஆவணியில சோத்தைத் தொடலை. வெயிலுக்குன்னு விட்டேன். அப்பறம் எங்க வீட்டுக்காரர் வந்து, ஒண்ணுக்கு டிக்காசன் நெறத்துல போகுதுன்னார். சூடு, மோரு ஊத்துங்கன்னேன். மறுநாள் காத்தால அது எந்திரிக்கவே இல்லை. அவர் அதைத் தூக்கிட்டுப் போய்க் கார்ல படுக்க வெச்சார். புது சீட்டு கவருங்க, வெள்ளை. நானும் ஏறிட்டேன்.

"உண்ணிக் காய்ச்சல்ங்கம்மா"ன்னுச்சு அந்த டாக்டர் பொண்ணு. "உண்ணி கடிச்சு ரத்தத்துல கிருமி போயிருக்கு. அது ரத்த அணுவையெல்லாம் ஒடைச்சுருச்சு. ஈறு பாருங்க, வெள்ளைக் காயிதம் மாதிரி இருக்கு. இத்தனை உண்ணி எவ்வளவு நாளா இருக்குங்கம்மா?"

"எல்லா நாயிக்கும்தானே உண்ணி இருக்கும்"னேன்.

குனிஞ்சு எழுதிக்கிட்டா. அவ எழுதின விதமே எனக்குப் புடிக்கலை.

அப்பறம் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒண்ணுக்குள்ள மேஜரைப் படுக்க வெச்சு ஆக்சிஜன் விட்டாங்க. கால்ல ட்ரிப்பு. நெஞ்சுல ஒயரு. டிவி மாதிரி ஒண்ணுல கோடு ஓடுது. எங்க மாமனார் சாகறப்பக்கூட இத்தனை ஒயர் மாட்டலைங்க. சரி, நம்ம நாயிக்கு நல்லா கவனிக்கறாங்கன்னு பாத்தா, பக்கத்துக் கூண்டுல ஒரு தெருநாய். லாரி அடிச்சு ரோட்டுல கெடந்ததாம். அதுக்கும் அதே ஆக்சிஜன், அதே ஒயரு. தனி ரூமு இல்லையாம்மான்னு கேட்டேன். "இது ஐ.சி.யூ.ங்கம்மா, லாட்ஜ் இல்லை"ங்கறா. பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது?

கொஞ்ச நேரத்துல அவளே திரும்பி வந்தா. முகம் மாறியிருந்துச்சு.

"ரத்தம் ஏத்தணும்ங்கம்மா. இப்பவே. மதியம் தாண்டினா இருதயம் தாங்காது. வழக்கமா ரத்தம் குடுக்கற நாயோட வீட்டுக்காரங்க வெளியூர் போயிட்டாங்க. உங்க சொந்தத்துல யார்கிட்டயாவது பெரிய நாய் இருக்கா? தடுப்பூசி போட்டு நல்லா இருக்கற நாய்."

சொந்தத்துக்கா பஞ்சம்? ஈரோட்டுல என் தம்பி ராட்வீலர் வெச்சிருக்கான், எருமைக் கன்னு கணக்கா. போன் போட்டேன். "அக்கா, அதுக்கு ஊசின்னாலே பயம்க்கா. அதில்லாம நாளைக்கு அதை ஷோவுக்குக் கூட்டிட்டுப் போறேன்"னான். ஞாயம்தானே? ஷோவுக்குப் போற நாயி கழுத்துல மயிரைச் சிரைச்சா எப்பிடி? சங்ககிரியில எங்க பெரியப்பா மகன் ரெண்டு ஜெர்மன் ஷெப்பர்டு வெச்சிருக்கார். அவர் வீட்டுக்காரிதான் எடுத்தா. "வெள்ளிக்கெழமை அதுவுமா வீட்டு ஜீவன் ரத்தத்தை வெளிய குடுக்கறதா, அம்மிணி?"ன்னா. அதுவும் சரிதான், நாளு கெழமை பாக்கறவங்க. என் நாத்தனார் போனையே எடுக்கலை. ஏதோ வேலையா இருந்திருப்பா. இவங்க மேலயெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. என்ன இருந்தாலும் நம்ம சனம்.

எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு, அதோ அந்த மரத்துக்கிட்டப் போனார். போனை எடுத்தார். பேரைத் தேடலைங்க, நம்பரை மனப்பாடமா அடிச்சார். எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. சொந்த வண்டி டிரைவர் நம்பர் தெரியாது அந்த மனுசனுக்கு.

சித்த நேரத்துல ஒரு ஆட்டோ வந்து நிக்குது. தாரணி எறங்கறா. இளைச்சிருந்தா. கழுத்துல மெல்லிசா ஒரு சங்கிலி, அவ்வளவுதான். என்னைப் பாத்தா. நான் கேட்டைப் பாத்தேன். அவ பின்னாடி அவன். அவன் கையில கயிறு, கயித்து முனையில ஒரு நாட்டு நாய். செவலை. ஒரு காது மடங்கி, ஒரு காது நிமுந்து. சாக்கடையோரம் குட்டியாக் கெடந்ததை எடுத்துட்டு வந்து வளத்தாங்களாம். பேரு வெல்லமாம். நாயிக்கு வெல்லம்னு பேரு வெச்சா, வெல்லத்துக்கு என்ன பேரு வைப்பாங்களோ.

அந்த டாக்டர் பொண்ணு அதை எடை போட்டா. வாயைப் பாத்தா, காதைப் பொரட்டிப் பாத்தா, கொஞ்சம் ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினா. அப்பறம் அவன்கிட்ட, "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க சார், ஒரு உண்ணி இல்லை"ங்கறா. என் காதுல விழணும்னே சத்தமாச் சொன்னா.

நான் எந்திரிச்சுப் போனேன். "இத பாரும்மா. எங்க நாய் சர்டிபிகேட் நாய். இந்த ரத்தம் அதுக்குச் சேராது. வேற நாய் பாருங்க"ன்னேன்.

"சேருமா சேராதான்னு பாத்துட்டுத்தாங்கம்மா ஏத்துவோம். ரெண்டையும் கலந்து டெஸ்ட் பண்ணுவோம்."

கலந்து பாத்தாங்க. புள்ளைங்க அத்தனையும் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு குனிஞ்சு பாத்துச்சு. நான் எங்க குலதெய்வத்தை வேண்டிக்கிட்டேன். சேரக்கூடாதுன்னுதான் வேண்டினேன், பொய் சொல்லுவானேன். வேற நல்ல நாய் ஒண்ணு எப்பிடியும் கெடைச்சிருக்குமுங்க.

"சேருதுங்கம்மா"ன்னு வந்து நின்னா. சிரிப்பு வேற.

"எனக்குச் சம்மதமில்லை."

"அம்மா, உங்க நாய்க்கு நேரமில்லைங்க."

"நேரமில்லைன்னா? கண்ட ரத்தத்தையும் ஏத்திருவீங்களா? நாளைக்கு அது எங்க நாயா இருக்குமா?"

தாரணி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவன் அந்த நாயோட முதுகைத் தடவிட்டு நின்னான். அப்பத்தான் எங்க வீட்டுக்காரர் சொன்னார்.

"சாந்தாமணி, நீ வெளிய போய் உக்காரு."

சத்தம்கூடப் போடலைங்க. கடைக்குப் போயிட்டு வரேன்னு சொல்ற மாதிரி சொன்னார். இத்தனை வருசத்துல அந்த மனுசன் என்னை இதைச் செய்யின்னு சொன்னதே கெடையாது. சொன்னது யாரு முன்னாடி? அவன் முன்னாடி. அந்த நோட்டுப் புள்ளைங்க முன்னாடி. சம்மதக் காயிதத்தை அவரே வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வந்து உக்காந்தேன். இதே பெஞ்சுதான். இங்க இருந்து பாத்தா அந்தக் கண்ணாடி வழியா உள்ள எல்லாம் தெரியும். பாக்கணும்னு பாக்கலை. கண்ணு முன்னாடி நடந்தா என்ன பண்றது? வெல்லத்தை மேசையில ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, கழுத்துல மயிரைச் சிரைச்சு, ஊசியைக் குத்தினாங்க. மயக்க மருந்தெல்லாம் குடுக்கலை. அவன் அதோட தலையைக் கையில தாங்கிக்கிட்டு, காதுக்கிட்ட என்னமோ சொல்லிட்டே இருந்தான். பையில ரத்தம் நெறையற வரைக்கும் அந்த நாயி அசையலைங்க. அவனையே பாத்துட்டுக் கெடந்துச்சு. ரோசமில்லாத நாய். நல்ல ஜாதி நாயா இருந்தா ஒரு தடவையாவது உறுமியிருக்கும்.

அப்பறம் அவன் வெளிய போய் எல்லாத்துக்கும் டீ வாங்கிட்டு வந்தான். எனக்கும் ஒரு கப்பைப் பெஞ்சுல வெச்சான். "அத்தை, காத்தால இருந்து ஒண்ணும் சாப்புடலைன்னு மாமா சொன்னார்"னான். யாருக்கு யாரு அத்தை? நான் திரும்பலை. அவன் நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டான். அந்த டீயை நான் தொடவே இல்லைங்க. சர்க்கரை போடாத டீ. எனக்குச் சர்க்கரை வியாதின்னு அவனுக்கு யார் சொன்னதுன்னு தெரியலை.

என்ன சிரிக்கறீங்க? வாசத்துலயே தெரியுமுங்க, சர்க்கரை போட்டிருக்கா இல்லையான்னு.

ரத்தம் சொட்டுச் சொட்டாத்தான் ஏத்தணுமாம். சாயந்தரம் வரைக்கும் ஏறுச்சு. அந்த டாக்டர் பொண்ணு எடத்தை விட்டு நகரலை. நாடி பாக்கறா, தெர்மாமீட்டர் வெக்கறா, ஈறைப் பாக்கறா, மறுபடியும் நாடி பாக்கறா. ஒரு புள்ளை சோத்து டப்பாவைக் கொண்டுவந்து நீட்டுச்சு. அதையும் தொறக்கலை. பரீட்சையில மார்க்கு வருமாட்ட இருக்குது. இல்லைன்னா ஊரான் நாயிக்கு எதுக்கு இத்தனை பாடு?

வெயில் எறங்கறப்ப மேஜர் தலையைத் தூக்குச்சு. நான் எந்திரிச்சுக் கண்ணாடிக்கிட்டப் போனேன். "மேஜரு"ன்னேன். என்னைப் பாத்துச்சு. பாத்துட்டுத் தலையைக் கீழ வெச்சுக்கிச்சு. பின்னாடியே தாரணி வந்தா. அவ நாயி பேரைக்கூடச் சொல்லலைங்க, சும்மா வந்து நின்னா. வாலு தப்புத் தப்புன்னு அந்தக் கூண்டுல அடிக்குது. நாலு வருசம் சோறு வெச்சது யாரு?

"ஒண்ணுக்கு நெறம் மாறுனப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாம்லம்மா"ன்னா. என்கிட்ட அவ பேசற முதல் பேச்சு. நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்கலை.

"உன்ற நாயிதானே? நீ வந்து பாத்திருக்கணும்"னேன்.

"வந்தேன். நீ கேட்டைத் தொறக்கலை."

பாத்தீங்களா, பதிலுக்குப் பதில். வந்தாதான், ரெண்டு தடவை. தொறக்கலைதான். கோவமா இருக்கறவங்க உடனே தொறப்பாங்களா? இன்னொரு தடவை வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

ஒரு வாரம் ஐ.சி.யூ.ல வெச்சிருந்தாங்க. அனுப்பற அன்னிக்கு அந்தப் பொண்ணு எங்களை உக்கார வெச்சு, மாத்திரை எப்பிடிக் குடுக்கணும், என்ன சோறு போடணும்னு சொல்லிக்குடுத்தா. "இனி வெளிய கட்டாதீங்கம்மா, வீட்டுக்குள்ள வெச்சுக்கங்க. மறுபடியும் உண்ணி ஏறினா இந்தத் தடவை மாதிரி தப்பிக்காது"ன்னா.

"தாரணி கூட்டிட்டுப் போகட்டும்"னார் எங்க வீட்டுக்காரர்.

"ஏன், நம்ம வீடு என்னாச்சு?"ன்னேன்.

"நம்ம வீட்டுல ஷெட்டுத்தான் இருக்கு"ன்னார்.

அந்த மனுசனுக்கு இப்பிடிப் பேசத் தெரியுமுன்னே எனக்குத் தெரியாதுங்க. மேஜர் ஆட்டோவுல ஏறி வெல்லத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிச்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மோந்து பாத்துச்சு. ஆட்டோ போயிருச்சு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. தாத்தன் பேரு அச்சடிச்ச காயிதம் மட்டும் பீரோவுல இருக்கு. அதை வெச்சு நான் என்ன பண்றது?

இப்ப ஞாயித்துக்கெழமையானா எங்க வீட்டுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டுக் கௌம்பிடறார். நாயைப் பாக்கப் போறாராம். போற வழியில பலூன் வாங்கறார்னு கடைக்காரி வந்து என்கிட்டச் சொல்றா. நாயி பலூன் ஊதுமா? அவங்களுக்கு ஒரு கொழந்தை இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சதே அந்தக் கடைக்காரி சொல்லித்தான். பொம்பளைப் புள்ளை. மூணு வயசாம். பொறந்ததுல இருந்தே இவரு போய்ப் பாத்துட்டு இருந்திருக்கார். என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "நீதான் ராங் நம்பர்னு வெச்சுட்டியே"ங்கறார். அதுக்குமேல அந்தப் பேச்சை அவர் எடுக்கலை. நானும் புள்ளை பேரு என்னன்னு கேக்கலை. கேட்டா எறங்கி வந்த மாதிரி ஆயிருமில்லைங்களா?

மேஜரை மாசம் ஒருக்கா ரத்தம் பாக்கக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. போன மாசம் நான் பஸ் ஏறி வந்தேன். வைத்தியம் ஒழுங்காப் பண்றாங்களான்னு பாக்கணுமில்ல. அவர் கார்ல வந்தார், என்னைக் கூப்புடலை. அவங்கெல்லாம் உள்ள இருந்தாங்க. நான் இங்க உக்காந்திருந்தேன். அந்தப் புள்ளை மட்டும் கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துச்சு. மஞ்சக் கவுனு, ரெண்டு குடுமி. நெத்தி அப்பிடியே எங்க அம்மா நெத்திங்க. வேற எங்க இருந்து வரும்? நேரா என்கிட்ட வந்து நின்னுச்சு.

"உங்க நாய் எங்க?"

"நாயில்லை"னேன்.

"பூனை?"

"அதுவும் இல்லை."

"அப்ப ஏன் ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க, ஆயா?"

நான் முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டேன். அது பாத்துட்டே நின்னுச்சு. அப்பறம் பெஞ்சுல கஷ்டப்பட்டு ஏறி, என் பக்கத்துல உக்காந்து காலை ஆட்டிட்டு இருந்துச்சு. செருப்பு ஒண்ணு கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்து மாட்டி விட்டேன். உள்ள இருந்து அவன் கூப்புட்டதும் எறங்கி ஓடிருச்சு.

ஆயாவாம். வழியில போற கெழவியைக் கூப்புடற மாதிரி. எங்க பக்கம் அம்மாவைப் பெத்தவளை அம்மாயிம்போம், அம்மாவோட அப்பனை அப்பிச்சிம்போம். அவரை மட்டும் அப்பிச்சி, அப்பிச்சின்னு வாய் நெறையக் கூப்புடுது, இங்க வரைக்கும் கேட்டுச்சு. நான் ஆயா. புள்ளையைக் குத்தம் சொல்ல முடியுமா? மூணு வயசுக்கு என்ன தெரியும்? பெத்தவங்களைச் சொல்லணும். உனக்கு ஒரு அம்மாயி இருக்கா, இன்ன ஊர்ல இருக்கா, இப்பிடி இருப்பான்னு சொல்லி வளத்திருக்க வேண்டாமா? ரெண்டு பேரும் படிச்சவங்கதானே? இதுதான் புள்ளை வளக்கற லட்சணமா?

இன்னிக்கு அவங்க வர்ற நாளு. வரட்டும். அதைக் கேக்காம நான் இந்த எடத்தை விட்டு எந்திரிக்கறதா இல்லை.